எதிர்க்காற்றைத் தாங்குகிற ஆள்

பிரான்ஸ் நாட்டில் 1903-ல் தொடங்கிய ‘டூர் டி பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயம் மூன்று வாரம் நடப்பது. தூரம் 3,000 கிலோ மீட்டருக்கு மேல். இப்போது ஓர் அணிக்கு எட்டுப் பேர். ஆனால் முதல்வனுக்குரிய மஞ்சள் பனியன் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் எதற்கு என்று கேட்கலாம்.

அவர்களை ‘தொமெஸ்தீக்’ என்பார்கள். வேலைக்காரன் என்று பொருள்! தலைவருக்கு முன்னால் சென்று எதிர்க்காற்றைத் தாங்குவதும், தண்ணீர் பாட்டில்களைப் பனியனுக்குள் திணித்துக் கொண்டுவந்து கொடுப்பதும் இவர்கள் வேலை. ஒட்டிப் பின்னால் வருபவருக்குப் பாதிச் சிரமம் குறைந்தது போல இருக்குமாம்.

1934-ல் ரெனே வியெத்தோ என்ற 20 வயது வாலிபர் பிரமாதமாக ஓட்டிக்கொண்டிருந்தார். தலைவர் அந்தோனின் மாஞ்சின் சக்கரம் கெட்டது. வியெத்தோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். மறுநாளும் தலைவருக்குச் சங்கடம்; முன்னே போனவர் திரும்பி வந்து உதவினார். மாஞ் ஜெயித்தார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம்.

நம் ஆபீஸ்களிலும் வியெத்தோக்கள் உண்டு. ஊருக்குப் போனவரின் பைல்களையும் சேர்த்துப் பார்ப்பார். பாராட்டு வேறொரு பெயருக்கு வரும். அங்கே ஒரு நல்ல வழக்கம்: ஜெயித்தவர் பரிசுப் பணத்தைத் தன் அணியினருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார். நம் சூபர்வைசர்கள் காதில் இது விழுந்ததாகத் தெரியவில்லை!

இன்னொன்று. முன்னால் போகிறவரும் நாள் முழுக்கக் காற்றைத் தாங்குவதில்லை. சற்று நேரத்தில் ஒதுங்குவார், அடுத்தவர் வருவார். ஓவர்டைம் பட்டியல் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். அத்தனை பெரிய பந்தயத்திலும் இரண்டு நாள் ஓய்வு விடுகிறார்கள்.