மிங்க் கோட்டு: தோலும் விளம்பரமும்

மிங்க், நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய ஊனுண்ணி. வட அமெரிக்காவின் ஆற்றங்கரைகளும் சதுப்பு நிலங்களும் அதன் தாயகம். குளிர்ந்த நீரில் இறங்கி இரை பிடிக்கும் இந்த விலங்குக்கு மயிர் இரண்டு அடுக்காக வளர்கிறது. தோலை ஒட்டிப் பஞ்சுபோல் அடர்ந்த அடிமயிர் உடற்சூட்டைக் காக்கும். அதன்மேல் நீண்டு பளபளக்கும் காப்புமயிர் நீரை ஒட்டவிடாது. இந்தப் பளபளப்பே 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மிங்க் கோட்டை அமெரிக்காவில் செல்வத்தின் அடையாளமாக்கியது.

முழுநீளக் கோட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 50 தோல்கள் வேண்டும். குட்டையான தோலைத் தோள் முதல் கீழ்விளிம்பு வரை நீள வைப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. தோலைச் சில மில்லிமீட்டர் அகலமுள்ள சாய்வுக் கீற்றுகளாக நறுக்கி, ஒவ்வொரு கீற்றையும் சற்றே கீழே நகர்த்தி மறுபடி தைப்பார்கள். அகலம் குறையும், நீளம் கூடும். பின்னர் ஈரப்படுத்தி, பலகையில் இழுத்து ஆணியடித்துக் காயவிடுவார்கள். தையல்களை வெளிப்புறத்தில் மயிர் மூடிக்கொள்ளும்.

மிங்க் வாங்க வசதியில்லாதவர்களுக்கு மலிவான தோல்கள் கவர்ச்சியான பெயர்களில் விற்கப்பட்டன. கத்தூரி எலியின் தோலைக் கத்தரித்துச் சாயமேற்றி ‘ஹட்சன் சீல்’ என்றார்கள். பெயரில் மட்டுமே கடல்நாய் இருந்தது. விலங்கின் உண்மைப் பெயரை ஆடையின் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்று 1951இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது.

மிங்க் கோட்டின் பெயர் பெற்ற விளம்பரம் 1968இல் வந்தது. கிரேட் லேக்ஸ் மிங்க் வளர்ப்போர் சங்கம் தன் கருநிற மிங்க்குக்கு ‘பிளாக்கிளாமா’ என்று பெயர் சூட்டியிருந்தது. அந்த விளம்பரத்துக்காகப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் லாரன் பக்கால், பெட்டி டேவிஸ், ஜூடி கார்லண்ட் போன்ற திரை நட்சத்திரங்கள் கோட்டணிந்து நின்றார்கள். அவர்களுடைய பெயர் அச்சிடப்படவில்லை. முகமே போதுமானதாக இருந்தது. ஊதியமாக அவர்கள் பெற்றது ஒரு மிங்க் கோட்டு. விலையைப் பற்றியோ வெதுவெதுப்பைப் பற்றியோ விளம்பரம் பேசவில்லை. புகழின் உச்சியில் இருப்பவருக்கு உரிய உடை இது என்ற எண்ணத்தையே அது விற்றது.

விலங்குவதைக்கு எதிரான குரல் பின்னர் வலுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மென்மயிர்ப் பண்ணைகளை 2000ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. கலிஃபோர்னியாவில் 2019இல் இயற்றப்பட்ட சட்டம், 2023 முதல் புதிய மென்மயிர் ஆடைகளின் விற்பனையைத் தடுக்கிறது. பழைய கோட்டுகளுக்கு விலக்கு உண்டு. அப்படி ஒரு கோட்டின் உள்துணியை விலக்கினால் ஆயிரக்கணக்கான தையல்கள் தெரியும். கைவினைஞரின் உழைப்பும் 50 விலங்குகளின் உயிரும் அந்த உட்புறத்தில்தான் இருக்கின்றன. விளம்பரங்கள் காட்டியது வெளிப்புறத்தை மட்டுமே.