ஒரே இதயம், இருவேறு அழுத்தம்

மாணவர்களே, மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்து வரப்பேறும் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இதயத்தின் வலது கீழறை நுரையீரலுக்கும், இடது கீழறை உடலுக்கும் இரத்தத்தை அனுப்புகின்றன. ஓய்வில் இரண்டும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் தள்ளும். (அளவு மாறினால் இரத்தம் ஒருபுறமே தேங்கிவிடுமல்லவா!) ஆனால் இடப்புற உச்ச அழுத்தம் சுமார் 120 மி.மீ. பாதரசம், வலப்புறம் 25தான். ஏன்?

பிராணவாயு புகுவதற்காக, நுரையீரலில் இரத்தத்தையும் காற்றையும் பிரிக்கும் சுவர் பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அழுத்தம் மிகுந்தால் நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பும். மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து.

சுமை தூக்கும்போது ஓட்டம் இரண்டு மூன்று மடங்காகிறது. அப்போதும் அழுத்தம் அதே அளவுக்கு ஏறுவதில்லை. ஓய்வில் மூடிக்கிடந்த தந்துகிகள் திறந்துகொள்கின்றன, திறந்திருந்தவை விரிகின்றன. பல மடைகளைத் திறந்துவிட்டால் வாய்க்கால் கரையை உடைக்காதது போலத்தான்.