இரட்டை வட்டுகளும் கடைசிக் கட்டமும்

ஒரு வட்டு பழுதானாலும் மற்றது தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில், ஒரே தகவலை இரண்டு வட்டுகளில் ஏககாலத்தில் எழுதி வைக்கும் பிம்ப முறையை, யூனிக்ஸ் வம்சத்தைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டியில் 'ஜிமிரர்' என்னும் கருவி நிர்வகிக்கிறது. வட்டு எந்தெந்தப் பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கூறும் அட்டவணையோ, ஜிபிடி என்னும் பகுப்பு முறைப்படி, ஆரம்பத்தில் ஒன்றும், ஆபத்துக்கு உதவ இறுதியில் ஒன்றுமாக இரு பிரதிகளாக இருக்கிறது.

விபரீதம் இங்கேதான் உற்பத்தியாகிறது. ஜிமிரர் தன் அடையாளக் குறிப்பைப் பதிப்பதும் வட்டின் கடைசிக் கட்டத்திலேதான் (செக்டார்). பெரும்பாலும் 512 பைட் மாத்திரமே கொண்ட அந்த அற்ப இடத்துக்கு, ஒரே மனைக்கு இருவர் பத்திரம் வைத்திருப்பதுபோல, இரு தரப்பும் உரிமை கொண்டாடுகின்றன. அட்டவணை முன்னமே எழுதப்பட்டிருந்த வட்டின்மீது பிற்பாடு பிம்பத்தை ஏற்றினால், இறுதிப் பிரதியின் தலைப்பு அழிந்து, அட்டவணை சிதைந்துவிட்டதாக இயங்குதளம் முறையிடும்.

பரிகாரம் எளிது: 'ஜிபார்ட் ரிகவர்' என்னும் கட்டளை, பிழைத்திருக்கும் முதற்பிரதியைக் கொண்டு மற்றதைப் புதுப்பிக்கும். ஆனால் அதைப் பிம்பத்தின்மீது ஏவ வேண்டுமேயன்றித் தனி வட்டின்மீது ஏவலாகாது. ஏவினால், ஜிமிரரின் குறிப்பே நாசமாகிவிடும்.

இந்தத் தகராறே எழாதிருக்க, முழு வட்டுகளை விடுத்து, பாகங்களை மட்டும் பிம்பமாக்குவதே விவேகம். எதைத் தொடுமுன்னும் 'ஜிபார்ட் பேக்கப்' கட்டளையால் அட்டவணையை வேறோர் இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.