கடமையை விதித்தவர்கள் யார்? ‘பஃபி’ தொடர் எழுப்பும் கேள்வி

வீடு, வேலை, போராட்டம் மூன்றையும் ஒருசேரச் சமாளிக்கும் பெண்ணை நாம் வியந்து பாராட்டுகிறோம். அச்சுமையை அவள் தோளில் ஏற்றியவர்கள் யார் என்று கேட்பதில்லை. 1997 முதல் 2003 வரை 144 அத்தியாயங்களாக ஒளிபரப்பான ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அக்கேள்வியைக் கேட்டது.

பஃபி சம்மர்ஸ், சன்னிடேல் என்னும் கற்பனை நகரின் பள்ளி மாணவி. இரத்தக்காட்டேரிகளை அழிக்கும் ஆற்றல் தலைமுறைக்கு ஒரு பெண்ணிடமே இறங்கும். அவள் இறந்தால் அடுத்தவள் அழைக்கப்படுவாள். அவளது ஒப்புதலை எவரும் கேட்பதில்லை. உலகைக் காக்கக் காதலன் ஏஞ்சலைத் தன் வாளாலேயே குத்த நேர்கிறது. தங்கை டானின் உயிரா, உலகமா என்ற நிலையில் தன் உயிரைத் தருகிறாள். மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டபின், தாயை இழந்த குடும்பத்தை நடத்தப் பர்கர் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். உலகைக் காக்கும் பணிக்கு ஊதியம் இல்லை.

இப்பணியை மேலாண்மை செய்வது ‘கண்காணிப்பாளர் மன்றம்’. களத்தில் சாகும் இடர் அந்தப் பெண்ணுக்கு. ஆணையிடும் அதிகாரம் மன்றத்துக்கு. அவளது 18ஆம் பிறந்தநாளில், அவளறியாமல் மருந்து செலுத்தி ஆற்றலைப் பறித்து, ஒரு காட்டேரியுடன் அடைத்துச் சோதிப்பதும் அம்மன்றத்தின் மரபே.

கென்ட்ராவை இங்கே நினைவுகூர வேண்டும். பஃபி சிறிது நேரம் உயிரிழந்து மீண்டதால் அழைக்கப்பட்ட கறுப்பினப் பெண் அவள். குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் அவளைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டனர். நட்பு இல்லை, காதலுக்கு அனுமதி இல்லை, மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டைகூட இல்லை. மூன்றே அத்தியாயங்களில் கொல்லப்படுகிறாள். தாயும் தங்கையும் நண்பர்களுமே பஃபியை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்று பின்னாளில் எதிரியான ஸ்பைக்கே சொல்கிறான். அந்த உறவுகள் கென்ட்ராவுக்கு மறுக்கப்பட்டன. சமநிலை பேணும் வாய்ப்புகூட எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

இது சாதியின் கதையன்று. பஃபி வெள்ளையின நடுத்தர வர்க்கப் பெண். ஆயினும், பிறர் விதித்த பணியைப் பெருமையாக ஏற்கச் சொல்லும் தருக்கம் நமக்குப் பழக்கமானது. சாதி உழைப்பை மட்டுமன்றி உழைப்பாளர்களையும் பிரிக்கிறது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் சாரமும் ஒருவரது மறுக்கும் உரிமையே.

இறுதிப் பருவத்தில் உண்மை வெளிப்படுகிறது. முதல் வேட்டைக்காரியான ஆப்பிரிக்கச் சிறுமியைச் சங்கிலியால் பிணைத்து, வலுக்கட்டாயமாக அவளுள் அவ்வாற்றலைப் புகுத்தியவர்கள் மூன்று ஆண்கள். அவர்கள் கூடுதல் ஆற்றல் தர முன்வந்தபோது பஃபி மறுக்கிறாள். 2003 மே 20 அன்று ஒளிபரப்பான கடைசி அத்தியாயத்தில், தலைமுறைக்கு ஒருத்தி என்னும் விதியையே உடைக்கிறாள். தோழி வில்லோவின் மந்திரத்தால், ஆற்றலுக்குத் தகுதியுள்ள உலகப் பெண்கள் அனைவரும் அதைப் பெறுகிறார்கள். போருக்கு முன் உடனிருந்த பெண்களிடம் அவள் சம்மதம் கேட்கிறாள்; தொலைதூரத்துப் பெண்களிடம் அப்போதும் எவரும் கேட்கவில்லை. அக்குறையையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி என்ன செய்யப்போகிறோம் என்று தங்கை கேட்பதோடு தொடர் முடிகிறது. பஃபி பதில் கூறவில்லை, புன்னகைக்கிறாள். அந்தக் கேள்விக்குத் தானே விடைதேடும் உரிமை அவளுக்கு அன்றுதான் கிடைத்தது.