பல்லடைப்பும் எலும்புச் செல்லும்

விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் தாயொருத்தியின் மகன், என் மாணவன், அண்மையில் வினவினான்: "ஐயா, அம்மாவின் கடைவாய்ப் பல் சொத்தைக்கு வெள்ளி அடைத்து ஆண்டுகள் ஆயின. அதில் பாதரசம் உண்டாமே, எலும்பை அரிக்குமா?" தமிழாசிரியனுக்கு ஏற்ற வினாவன்று, ஆயினும் தேடிப் படித்தேன்.

அவ்வடைப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. எஞ்சியவை வெள்ளி, வெள்ளீயம், செம்பு. சிலவற்றில் துத்தநாகமும் உண்டு. பற்குழியில் உள்ள அடைப்பு எலும்பைத் தொடுவதில்லை. வேர்நுனியை வெட்டி அங்கே அடைத்தால்தான் தாடையெலும்போடு நேரே உறவாடும். ஆகவேதான் ஆய்வாளர் எலும்புச் செல்களைத் தட்டில் வளர்த்துச் சோதிக்கின்றனர். உலோகம் ஊறிய நீர்மத்தைச் செல்களின்மேல் விட்டு, பின்னர் மஞ்சள் சாயம் இடுவர். உயிருள்ள செல் அதனை ஊதாவாக்கும். மடிந்த செல் மாற்றாது. நிறத்தின் அடர்வே கணக்கு. புதிதாகக் குழைத்த கலவை மிகுதியாகக் கொல்லும். இறுகியபின் நச்சு குறையும். துத்தநாகமும் செம்பும்கூடச் செல்லுக்குப் பகையென்பது எனக்கு வியப்பே.

1993இல் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்து மஹ்மூத் தொராபிநெஜாத் குழுவினர் வேர்நுனிக்கென மாற்றுப் பொருளொன்றை அறிமுகம் செய்தனர். கட்டடச் சிமெண்டின் உறவினமே அது! அதன்மேல் எலும்புச் செல்கள் படர்ந்து வளர்ந்தன.

பாதரசத்தை அஞ்சுதல் வீணன்று. அண்டை மலையாம் கோடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டதை நாமறிவோம். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது.

மாணவனிடம் கூறினேன்: "தம்பி, அம்மாவின் அடைப்பு என்றோ இறுகிவிட்டது, எலும்பையும் தொடவில்லை. அச்சத்தால் பெயர்த்தெடுக்க வேண்டா. பெயர்க்கும்போதுதான் ஆவி மிகுதியாக எழும்."