ரெஜினா என்றால் அரசி

நம் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால், பெரும்பாலும் ஒரு ரெஜினாவாவது இருப்பாள். வேலையில் அவள் சற்றுச் சுணங்கினால் போதும், "மகாராணிக்குக் கை வலிக்குமோ?" என்று தோழியர் கேலி செய்வர். அரசி என்றால் சிம்மாசனத்தில் அமர்ந்து பிறரை ஏவுகிறவள் என்பது நம் எண்ணம். ஆனால் இப்பெயரின் வேர் வேறொரு பொருளைச் சொல்கிறது.

ரெஜினா என்பது இலத்தீன் சொல். 'ரெக்ஸ்' என்றால் அரசன். 'ரெஜினா' என்றால் அரசி. இவ்விரண்டுக்கும் உறவான வினைச்சொல் 'ரெகெரே'. நேராகச் செலுத்துதல், வழிநடத்துதல் என்பது அதன் பொருள். நேர்கோடு இட உதவும் கோலுக்கு இலத்தீனில் 'ரெகுலா' என்று பெயர். அதுவும் இக்குடும்பத்துச் சொல்லே. அது ஆங்கிலத்தில் 'ரூல்' என மாறி, நம் மேசைமேல் ரூல்தடியாகவும் வந்து சேர்ந்தது. தான் கோணாமல் இருந்து, பிறர் இடும் கோட்டையும் கோணாமல் காப்பதல்லவா அதன் தொழில்!

இன்னொரு வியப்பும் உண்டு. இலத்தீனும் வடமொழியும் ஒரே பழைய மொழியிலிருந்து கிளைத்தவை. எனவே 'ரெக்ஸ்' என்பதற்கு வடமொழி 'ராஜன்' உறவு. ராணி, இராக்கினி ஆகிய சொற்களும் அவ்வழி வந்தவையே. 11-ஆம் நூற்றாண்டளவில் தோன்றிய 'சால்வே ரெஜினா' என்னும் இலத்தீன் செபத்தையே நாம் 'கிருபை தயாபத்து' என்று செபிக்கிறோம். அதில் 'ரெஜினா' நின்ற இடத்தில் நம் முன்னோர் 'இராக்கினி' என்று வைத்தனர். தூரத்து உறவினர் இருவர் ஒரு செபத்தில் சந்தித்துக் கொண்டனர்! ஜெயராணியும் அமலராணியும் ரெஜினாவின் சகோதரிகளே.

அச்செபம் போற்றும் அரசி யார்? நாசரேத்தூர்த் தச்சரின் மனைவி. தம்மை ஆண்டவரின் அடிமை என்றவர். எலிசபெத்தம்மாளுக்கு உதவ மலைநாட்டுக்கு விரைந்தவர். தேவதாயை அரசியாகக் கொண்டாடும் திருநாளை 12-ஆம் பத்திநாதர் பாப்பரசர் 1954-இல் ஏற்படுத்தினார். முதலில் மே 31-இல் இருந்த அத்திருநாள், 1969 முதல் ஆகஸ்டு 22-க்கு மாறியது.

இப்பெயர் தாங்கிய புனிதையும் உண்டு. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் வேதசாட்சியாக மரித்த புனித ரெஜினா, ஆடு மேய்த்த பெண் என்கிறது மரபு. அவர் திருநாள் செப்டம்பர் 7.

மாணவியர் அறிய வேண்டிய மற்றொருவர் ரெஜினா புரோட்மன். இன்று போலந்தில் பிரானியெவோ என வழங்கும் நகரில், செல்வக் குடும்பத்தில் 1552-இல் பிறந்தார். 1571-இல் வசதியான வீட்டைத் துறந்து, தோழியர் சிலருடன் பாழடைந்த வீடொன்றில் குடியேறினார். கன்னியர் மடத்துச் சுவருக்குள்ளேயே வாழ்ந்த அக்காலத்தில், நோயாளிகளின் இல்லம் தேடிச் சென்றார். பெண் குழந்தைகளுக்குக் கல்வி தந்தார். புனித கத்தரீனம்மாள் பெயரால் அவர் தொடங்கிய சபை இன்றும் பணிபுரிகிறது. 1613-இல் மறைந்த அவருக்கு, 1999-இல் 2-ஆம் அருள் சின்னப்பர் பாப்பரசர் முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார்.

ஆகவே, ரெஜினா என்னும் பெயருள்ள தோழியரே, உங்கள் பெயருக்குக் கிரீடமும் வேண்டாம், பணிப்பெண்களும் வேண்டாம். தான் நேராக நடந்து, தடுமாறும் ஒருத்தியின் கைபிடித்து நேரே நடத்துகிறவள் எவளோ, அவளே ரெஜினா. வேறு பெயர் கொண்ட நமக்கும் அந்த அரசுரிமை உண்டு!