வீட்டு வரியில் அடங்கிய நூலகம்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் வழியில் உள்ள ஆட்டையாம்பட்டிப் பேரூராட்சியில் சொந்தமாக வீடோ கடையோ தறிக்கூடமோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சொத்து வரி செலுத்தும்போது, அதனோடு சேர்த்து நூலக வரி என்னும் சிறு தொகையையும் செலுத்திவருகிறார்கள். சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு என்பது இவ்வரியின் இன்றைய விகிதம்; ஆண்டுக்கு 2,000 ரூபாய் சொத்து வரி விதிக்கப்பட்ட ஒரு குடும்பம் நூலகத்துக்கென 200 ரூபாயைத் தருகிறது என்பது இதன் பொருள். உள்ளாட்சி அமைப்பு வசூலிக்கும் இத்தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சென்றடைய வேண்டும். மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்துவதற்கெனச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்தக் குழு, கட்டடம், நூல், இதழ், தளவாடம் ஆகிய செலவுகளை இந்த வருவாயைக் கொண்டே பெரிதும் ஈடுசெய்கிறது. ஆகவே கிளை நூலகத்தின் படியேறும் வாசகர் யாருடைய தயவையும் நாடிச் செல்வதில்லை, தாமும் தம் ஊராரும் முன்னரே விலை கொடுத்துவிட்ட ஒரு சேவையைப் பெறச் செல்கிறார். இந்த உண்மை வரி செலுத்துவோரில் மிகப் பலருக்குத் தெரியாமலே இருப்பது பெரிய இழப்பாகும்.

நூலகத்துக்கு வரி என்னும் எண்ணம் உலகில் பல நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. பிரிட்டனில் 1850இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், நகராட்சிகள் சொத்து மதிப்பின் ஒவ்வொரு பவுனுக்கும் அரைப் பென்னி வரையில் நூலகத்துக்காக வரி விதிக்க இசைவளித்தது. எஃகுத் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னெகி, உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குக் கொடை அளித்தபோது, கட்டடத்துக்குத் தாம் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அந்தந்த ஊர் தன் பொதுப் பணத்திலிருந்து நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். கொடையால் எழும்பும் கட்டடம் கொடையாளரின் காலத்தோடு தளர்ந்துவிடும் என்பதையும், ஊரே சுமக்கும் செலவுதான் நிலைக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். இந்தியாவில் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், வில்லியம் போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை 1910இல் வரவழைத்துத் தம் அரசெங்கும் ஊர் நூலகங்களையும் பெட்டிகளில் ஊர் ஊராகச் செல்லும் நூல் தொகுதிகளையும் ஏற்படுத்தினார்.

தமிழ்நாட்டில் நூலக வரி என்னும் எண்ணத்தைச் சட்டமாக்கப் பாடுபட்டவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ.இரா. அரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர், அங்குள்ள பொது நூலகங்கள் பலவற்றைப் பார்வையிட்டு, தொழிலாளரும் பெண்களும் சிறுவரும் எவ்விதத் தயக்கமும் இன்றி அவற்றில் புழங்குவதைக் கண்டார். ஊர் திரும்பிய பின் 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதற்குக் காரணமாக இருந்தார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்காக அன்றிப் பயன்படுவதற்காகவே உள்ளன என்பதிலிருந்து தொடங்கும் அவ்விதிகள், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதையும் நூலகம் என்றும் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்பதையும் வலியுறுத்துகின்றன. அதே 1931இல் மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற பொறியாளர், அரங்கநாதனின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு, மாட்டுவண்டி ஒன்றை நூலகமாக அமைத்துச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். பேருந்தும் மின்சாரமும் எட்டாத ஊர்களில் உழவர் வீட்டு வாசலுக்கே நூல் போய்ச் சேர்ந்த அந்த முயற்சி, தமிழ்நாட்டு நூலக வரலாற்றில் இன்னும் கூடுதலாகப் பேசப்பட வேண்டியது. வாசகர் வரட்டும் என்று காத்திருப்பதோடு நூலகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை அது தொடக்கக் காலத்திலேயே செயலில் காட்டியது.

விடுதலைக்குப் பின், தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டமே விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமாகும். அக்காலத்தில் ரூபாய்க்கு 6 பை, அதாவது ஏறத்தாழ 3 காசு, என்று தொடங்கிய நூலக வரி பிற்காலத்தில் இன்றைய 10 காசு நிலைக்கு உயர்ந்தது. வசூலான தொகையை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது நெடுங்காலமாக மாநிலத்தின் பல பகுதிகளிலும் காணப்படும் குறை. வரி செலுத்தும் குடிமக்கள் தம் ஊரில் அந்தத் தொகை முறையாகச் சென்று சேர்கிறதா என்று கேட்பது அவர்களுடைய உரிமை மட்டுமன்று, நூலகத்துக்கு அவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியும் ஆகும்.

இன்று தமிழ்நாட்டில் பொது நூலக இயக்ககத்தின் கீழ் 4,600 அளவில் நூலகங்கள் உள்ளன. சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் மாநில மைய நூலகமாக விளங்குகிறது; நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைப் பதிப்பாளர்கள் சட்டப்படி அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று. அதற்கு அடுத்த நிலையில் மாவட்டத் தலைநகரில் மாவட்ட மைய நூலகமும், பேரூர்களிலும் நகரங்களிலும் கிளை நூலகங்களும், சிற்றூர்களில் ஊர்ப்புற நூலகங்களும், மக்கள்தொகை குறைந்த இடங்களில் பகுதிநேர நூலகங்களும் இயங்குகின்றன. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நாளிதழ்களில் பெரிதாகப் பேசப்பட்டவை. அவற்றின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் தறியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வெளியே வரக்கூடிய நெசவாளருக்கு மதுரை நூலகத்தின் ஆறு தளங்களைவிடத் தம் ஊர்க் கிளை நூலகத்தின் ஒற்றை அறையே பயன்மிக்கது. நூலக அமைப்பு முழுவதும் அந்த ஒற்றை அறையின் தரத்தைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும்.

அந்த அறைக்குள் கிடைக்கும் சேவைகளுள் நாளிதழ்களையும் பருவ இதழ்களையும் படிப்பதற்கு உறுப்பினராக வேண்டிய தேவையே இல்லை. யாரும் வந்து அமர்ந்து படிக்கலாம். நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர், முகவரிச் சான்றுடன் விண்ணப்பித்து, திரும்பப் பெறத்தக்க சிறு காப்புத்தொகையையும் ஆண்டுச் சந்தாவையும் செலுத்தி உறுப்பினர் அட்டை பெற வேண்டும். அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற நோக்கு நூல்கள் அங்கேயே இருந்து பார்ப்பதற்கு உரியவை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 உள்ளிட்ட தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் பல கிளை நூலகங்களில் இன்று பெரும்பான்மை வாசகர்களாக இருக்கிறார்கள். விலை உயர்ந்த வழிகாட்டி நூல்களை வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது உண்மையான துணை. நகராட்சி நிர்வாகத் துறை அண்மை ஆண்டுகளில் பல நகரங்களில் கட்டிவரும் நூலகமும் அறிவுசார் மையமும் என்னும் கட்டடங்கள், அமைதியான படிப்பிடத்தையும் கணினி வசதியையும் சேர்த்து வழங்குவது இதே தேவையைக் கருதியே ஆகும். ஆயினும் தேர்வுக்குப் படிப்போர் நிறைந்த நூலகத்தில் கதை கேட்க வந்த சிறுவருக்கும் இடம் இருக்க வேண்டும். தேர்வு முடிந்தவுடன் நூலகத்தை மறந்துபோகும் இளைஞரைவிட, பத்து வயதில் நூலகத்தோடு பழகிய பிள்ளையே வாழ்நாள் வாசகராக நிலைப்பார்.

கிளை நூலகங்களின் ஆண்டு நிகழ்வுகளுக்கென ஓரளவு உறுதியான நாட்காட்டி உண்டு. அதை அறிந்திருந்தால் வரும் மாதங்களில் எப்போது என்ன எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும். யுனெஸ்கோ 1995இல் அறிவித்த உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23 அன்று வருகிறது. அதை ஒட்டிப் புதிய உறுப்பினர் சேர்க்கையும் நூல் கண்காட்சியும் நடத்துவது வழக்கம். மே மாதப் பள்ளி விடுமுறையில் ஓவியம், கதை சொல்லல், கைவினை, சதுரங்கம் ஆகியவற்றைக் கொண்ட கோடை முகாம்களைப் பல நூலகங்கள் நடத்துகின்றன. அரங்கநாதனின் பிறந்த நாளாகக் கருதப்படும் ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் பெயரால் சிறந்த நூலகர்களுக்கு மாநில அரசு விருது வழங்கிவருகிறது. இவை யாவற்றிலும் பெரியது நவம்பர் 14 முதல் 20 வரை, 1968 தொட்டு நாடெங்கும் கடைப்பிடிக்கப்படும் தேசிய நூலக வாரம். அந்த ஏழு நாள்களில் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகளும், உள்ளூர் எழுத்தாளர்களின் உரைகளும், அரிய நூல்களின் காட்சியும் நடைபெறுவதால், நூலகத்தின் பக்கமே வராத பெற்றோரும் தம் பிள்ளை பரிசு பெறுவதைப் பார்க்க உள்ளே வருகிறார்கள். அவ்வாறு வந்தவர்களில் பாதிப் பேரையாவது உறுப்பினராக்கி அனுப்பும் நூலகரே அந்த வாரத்தை உண்மையில் கொண்டாடியவர் ஆவார். இவற்றோடு, 2022 முதல் மாவட்டந்தோறும் நடத்தப்பட்டுவரும் புத்தகத் திருவிழாக்களும் சேலம், நாமக்கல் பகுதி வாசகர்களுக்குச் சென்னைக்குப் போகாமலே பதிப்பாளர்களைச் சந்திக்க வாய்ப்பளித்துள்ளன.

நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பு நூலகர் ஒருவரால் மட்டும் சுமக்கக் கூடியதன்று. பெரும்பாலான கிளைகளில் நூல் வழங்குவதும் பதிவேடு எழுதுவதும் அடுக்குகளைச் சீர்செய்வதும் ஒன்றிரண்டு பணியாளர்களின் கைகளில்தான் இருக்கின்றன. இங்குதான் வாசகர் வட்டம் தேவைப்படுகிறது. ஊரின் ஆசிரியர்கள், ஓய்வுபெற்றோர், வணிகர், மாணவர் ஆகியோர் சேர்ந்து அமைக்கும் இந்தத் தன்னார்வக் குழு, கூட்டங்களை ஏற்பாடு செய்கிறது, நூல் விமரிசன அமர்வுகளை நடத்துகிறது, கட்டடப் பழுது முதல் கழிப்பறை வசதி வரை உள்ள குறைகளை மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துச் சொல்கிறது. பொருள் வழங்கி உதவ விரும்புவோர், குறிப்பிட்ட தொகையை நூலகத்துக்குச் செலுத்திப் புரவலராகச் சேரலாம். தறித் தொழிலும் முறுக்குத் தொழிலும் தழைக்கும் ஓர் ஊரில், கடைக்கு ஒருவர் புரவலரானாலே நூலகத்தின் மேசை நாற்காலிக் குறை தீர்ந்துவிடும்.

ஆட்டையாம்பட்டி போன்ற ஊர்களுக்கு மிக ஏற்றது, மாநில அரசு 2022இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டம். நூலகத்துக்கு நேரில் வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், இல்லத்தரசிகள், நோயாளிகள் ஆகியோருக்குத் தன்னார்வலர்கள் நூல்களை வீட்டுக்கே கொண்டு சென்று கொடுத்து, படித்த பின் திரும்பப் பெற்று வருவது இத்திட்டத்தின் செயல்முறை. ஆட்டையாம்பட்டியின் கை முறுக்கு அடுப்படியில் உருவாவது. மாவு பிசைந்து, விரலால் சுற்றி, எண்ணெய்ச் சட்டி காய்வதற்குள் அடுத்த தட்டை நிரப்பும் வேலையில் இருப்போர், காலையில் நூலகம் திறந்திருக்கிறது என்பதற்காக எழுந்து போக முடியாது. விசைத்தறிக் கூடங்களிலும் வேலை முறை வைத்தே நடப்பதால், தொழிலாளியின் ஓய்வு நேரமும் நூலகத்தின் வேலை நேரமும் ஒத்துப்போவது அரிது. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்ற அரங்கநாதனின் விதி இந்த ஊருக்குப் பொருந்த வேண்டுமானால், தெருவுக்கு ஒரு தன்னார்வலராவது நூல் பையோடு புறப்பட வேண்டும். கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிறன்று அவை திறந்திருக்கும் என்ற செய்தியையும் தறிக்கூடங்களின் வாசலில் எழுதி ஒட்டுவது நல்லது. ஞாயிறன்றும் பூட்டியிருக்கும் என்று எண்ணி வராதவர்கள் ஏராளம்.

கிளை நூலகத்தில் இல்லாத பழைய நூலைத் தேடுவோர்க்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உதவும். எண்வடிவமாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழ் நூல்களையும் இதழ்களையும் அதில் கட்டணமின்றிப் படிக்கலாம். கைப்பேசித் திரையில் நெடுநேரம் படிக்க இயலாத பெரியவர்களுக்கு அச்சு நூலே உகந்தது என்றாலும், நூலகர் அருகிருந்து தேடிக் காட்டினால் தம் பாட்டனார் காலத்து இதழ் ஒன்றை அவர்கள் கண்முன் காண முடியும்.

இனி எஞ்சியிருப்பது சுற்றியுள்ள சிற்றூர்களின் நிலை. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், 2006 முதல் 2011 வரையிலான ஆண்டுகளில், தமிழ்நாட்டின் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அவை பொது நூலகத் துறையின் கிளைகள் அல்ல. ஊராட்சிகளின் பொறுப்பில் விடப்பட்டவை. மதிப்பூதியம் பெறும் ஒருவரை நம்பி இயங்கியதால், பல இடங்களில் சில ஆண்டுகளிலேயே அவை பூட்டப்பட்டன; அவற்றைப் புதுப்பிக்கும் பணி பின்னர் தொடங்கினாலும் ஊருக்கு ஊர் நிலை வேறுபடுகிறது. வீரபாண்டி, வெண்ணந்தூர், மல்லசமுத்திரம் வட்டாரத்துச் சிற்றூர் மக்கள் தம் ஊராட்சியின் கிராமசபைக் கூட்டத்தில், சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் எதிலேனும், நூலகத்தைத் திறந்து வைக்கவும் நாளிதழ் வாங்கவும் ஆள் நியமிக்கவும் தீர்மானம் கொண்டுவரலாம். கிராமசபையில் நிறைவேறிய தீர்மானம் பதிவேட்டில் ஏறுவதால், அதன் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அடுத்த கூட்டத்தில் கேட்பதற்கு அவர்களுக்கு எழுத்துச் சான்றும் கிடைக்கிறது.